பேரிடர் நிவாரணத்துக்கு உங்கள் நிறுவனத்தின் லாரி, கிடங்கு, ஆள்பலம்: எந்த வரிசையில் தயாராவது? முழுமையான வழிகாட்டி

பேரிடர் நடந்த மறுநாள் காலை பல நிறுவனங்களில் ஒரே உத்தரவுதான் வரும்: "நம்மிடம் லாரி இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, உடனே எதையாவது அனுப்புங்கள்." சரக்கைக் கிளப்பிவிடுவது எளிது. அது போய் இறங்கும் இடத்தில் வாங்க ஆள் உண்டா, இறக்க இயந்திரம் உண்டா, சுங்கத்தில் யார் பெயரில் விடுவிப்பது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப் போகும் சரக்கு, உயிர்காக்கும் பொருளின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அதனால் இங்கே எல்லாமே இறங்கும் இடத்திலிருந்து பின்னோக்கி யோசித்துச் சொல்லப்படுகிறது. முதல் எட்டுப் படிகள் பேரிடர் வராத நாட்களில் முடிக்க வேண்டியவை. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையைக் கேட்டு நிற்கிறது.

1. பொருளா, திறனா என்று முதலில் தீர்மானியுங்கள்

சரக்குத் தொழிலில் உள்ள நிறுவனம் தரக்கூடிய மிகச் சிறந்த உதவி பொருள் அல்ல. கிடங்கு இடம், வண்டி, தொழில் தெரிந்த ஆட்கள், களத் தகவல் ஆகிய நான்கும்தான். எந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓடுகிறது, எந்தச் சாலையில் நேற்று வண்டி போனது என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். நிவாரண அமைப்புகள் அந்தத் தகவலுக்காகத் தவிக்கும்.

கைவசம் உள்ளதைப் பட்டியலிடும்போது "20 லாரி" என்று எழுதி நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை டன், மூடிய பாடியா திறந்ததா, சேற்றில் போகுமா, ஓட்டுநர் ஒப்புக்கொண்டாரா, கூப்பிட்ட எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்கும் என்று எழுதுங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத வண்டியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஊழியர்களிடம் பழைய துணி, மருந்து, டின் உணவு திரட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிரித்து, எண்ணி, கட்டி, அனுப்பி முடிப்பதற்குள் பொருளின் மதிப்பைவிடச் செலவு கூடிவிடும். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குப் போய்ச் சேர்ந்த மருந்துகளில் பெரும்பகுதி அங்கே படிக்கத் தெரியாத மொழியில் லேபிள் ஒட்டியவை. நூற்றுக்கணக்கான டன் மருந்தை அழிக்க வேண்டியிருந்தது. அழிப்பதற்கும் வண்டியும் ஆளும் வேண்டும் அல்லவா? ஊழியர்கள் உதவ விரும்பினால் பணமாகத் திரட்டுங்கள்.

2. யாருக்குக் கீழே வேலை செய்வது என்று முடிவு செய்யுங்கள்

பேரிடர் பகுதியில் தனியாகப் போய் நிற்கும் நிறுவனத்துக்கு எரிபொருள் அனுமதியும் கிடைக்காது, விமான நிலையத்தில் நேரமும் கிடைக்காது. முதலில் பேச வேண்டியது அந்த நாட்டு அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பிடம். அடுத்தது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வழிநடத்தும் லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர். பல அமைப்புகளின் சரக்குத் தேவையை ஒரே இடத்தில் பார்த்து, பொதுவான கிடங்கையும் போக்குவரத்தையும் அதுதான் ஏற்பாடு செய்கிறது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் மூன்றாவது வழி.

பெரிய சரக்கு நிறுவனங்கள் தமக்குள் போட்டியாளர்களாக இருந்தும், லாஜிஸ்டிக்ஸ் அவசரக் குழுக்கள் என்ற பெயரில் கூட்டாக அந்தக் கிளஸ்டருக்குத் துணை நிற்கின்றன. சிறிய நிறுவனமும் உள்ளூர் அளவில் இதே முறையைப் பின்பற்றலாம்: இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து, ஒரே தொடர்பாளர் வழியாகப் பேசுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. சிலர் அதே 20 லாரியை ஐந்து அமைப்புகளுக்கு வாக்களித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பேரிடர் நாளில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள்.

3. ஒப்பந்தத்தை அமைதிக் காலத்தில் எழுதி முடியுங்கள்

உதவிக்கு ஒப்பந்தம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சேதமான பெட்டிக்கும், துறைமுகத்தில் தேங்கிய கண்டெய்னரின் டெமரேஜுக்கும் (தாமதக் கட்டணம்) யார் பொறுப்பு என்பது எழுதப்படாவிட்டால், நல்லெண்ணம் இரண்டாவது வாரத்திலேயே சண்டையாக மாறிவிடும். இவை கட்டாயம் இருக்கட்டும்:

- அழைப்பு விடுக்கும் அதிகாரம் யாருக்கு; அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார்.
- அழைத்த எத்தனை மணி நேரத்தில் உதவி தொடங்கும், எந்தத் தேதியில் முடியும்.
- எரிபொருள், சுங்கச்சாவடிக் கட்டணம், ஏற்றுகூலி, இறக்குகூலி, டெமரேஜ் ஒவ்வொன்றையும் யார் கட்டுவது.
- சரக்குக் காப்பீடும் ஆட்களின் காப்பீடும். கலவரப் பகுதியிலும் வெள்ளப் பகுதியிலும் அவை செல்லுமா.
- நடுநிலை விதிகள்: வண்டியில் ஆயுதம் ஏந்தியவர்களை ஏற்றுவதில்லை, பயனாளிகளை நிறுவனம் தேர்ந்தெடுப்பதில்லை, பொதிகளில் விளம்பரம் ஒட்டுவதில்லை.

கடைசி வரியை விளம்பரப் பிரிவினர் எதிர்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தரப்பின் வண்டி என்று பெயர் விழுந்துவிட்டால், அடுத்த சோதனைச் சாவடியில் ஆபத்து ஓட்டுநருக்குத்தான்.

முடிவு தேதியையும் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் வேலைக்கு வண்டி தேவைப்படும் நாள் வரும். அன்று திடீரென்று வண்டியை இழுத்துக்கொண்டால் நிவாரணம் பாதியில் நிற்கும்.

4. இறங்கும் இடங்களை முன்கூட்டியே அளந்து வையுங்கள்

உங்கள் வேலைப் பரப்பில் உள்ள ஒவ்வொரு விமான நிலையம், துறைமுகம், முக்கியப் பாலம் ஆகியவற்றுக்கும் ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். விமான நிலையத் தாளில் ஓடுதளத்தின் நீளம், அதன் தாங்குதிறன் எண், ஒரே நேரத்தில் எத்தனை விமானம் நிற்கலாம், ஃபோர்க்லிஃப்ட் எத்தனை, ஹை லோடர் (விமானக் கதவின் உயரத்துக்கு எழும்பிச் சரக்கை இறக்கும் இயந்திரம்) உண்டா, மூடிய இடம் எத்தனை சதுர மீட்டர், இரவில் இறங்க விளக்கு உண்டா என்பவை இருக்க வேண்டும்.

ஹை லோடரைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போயிங் 747 சரக்கு விமானத்தின் மேல்தளக் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 டன்னுக்கு மேல் ஏற்றி வந்தாலும் ஹை லோடர் இல்லாத நிலையத்தில் அதை இறக்க முடியாது. இல்யூஷின் 76 விமானத்துக்குப் பின்புறம் சாய்தளமும் உள்ளேயே தூக்கிகளும் உண்டு. 40 டன் அளவுதான் கொண்டுவரும் என்றாலும் தானே இறக்கிக்கொள்ளும். எந்த விமானம் என்பதைத் தீர்மானிப்பது சரக்கின் அளவு மட்டும் அல்ல, இறங்கும் இடமும்தான்.

2015 நேபாள நிலநடுக்கத்தின்போது காட்மண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுதளம் பழுதாகத் தொடங்கியதும், 196 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானங்கள் இறங்கத் தடை வந்தது. பெரிய விமானத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறு நாட்டில் இறக்கிச் சிறிய விமானங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2005 ஜனவரியில் பண்டா ஆச்சேயில் தரையிறங்கிய சரக்கு விமானம் கால்நடை மீது மோதியதில் ஓடுதளம் பல மணி நேரம் மூடப்பட்டது. வேலி ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் தாளில் எழுதச் சொல்வது இதனால்தான்.

துறைமுகத்தில் கரையிலுள்ள கிரேன்களை நம்பாதீர்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் தலைநகரின் துறைமுகம் சிதைந்து, கப்பல் வந்தும் பயனில்லாமல் போனது. சொந்த கிரேன் உள்ள கப்பல்கள் எவை என்ற பட்டியல் கையில் இருக்கட்டும்.

5. சுங்க வேலையைப் பேரிடருக்கு முன்பே பாதி முடித்துவிடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நிவாரணம் என்று எழுதிவிட்டால் சுங்கம் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும் என்ற நம்பிக்கை தவறு. சுங்க நடைமுறைகளுக்கான திருத்தப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் நிவாரணச் சரக்குகளுக்கென்று தனி அத்தியாயமே உண்டு: எளிய படிவம், வேலை நேரத்துக்கு வெளியிலும் விடுவிப்பு, வரிவிலக்கு எல்லாம் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாடுகளும் அந்த அத்தியாயத்தை ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பக்கூடிய நாடுகள் ஏற்றனவா என்று, சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டிடம் இன்றே கேளுங்கள்.

அடுத்தது கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர். அவர் அந்த நாட்டில் பதிவு பெற்ற, வரிவிலக்குக்கு உரிமை உள்ள அமைப்பாக இருக்க வேண்டும். சரக்கு கிளம்பும் முன் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். இந்த ஒரு கடிதம் இல்லாமல் போன சரக்கு, வரிசையில் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும்.

ஒவ்வொரு சரக்குடனும் போக வேண்டிய தாள்கள்: ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) அல்லது பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), பேக்கிங் லிஸ்ட் (பொதிகளில் உள்ளவற்றின் பட்டியல்), புரோஃபார்மா இன்வாய்ஸ் (சுங்கத்துக்காக மதிப்பைக் காட்டும் பட்டியல்), நன்கொடைச் சான்று. உணவானால் சுகாதாரச் சான்றும், மருந்தானால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் கொண்ட பட்டியலும் சேரும். நன்கொடை மருந்து, நாட்டை அடையும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதம் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இன்வாய்ஸில் மதிப்பு "0" என்று போடாதீர்கள். இலவசம் என்பது விற்பனை நிலை. பொருளுக்கு மதிப்பு உண்டு. பூஜ்யம் போட்டால் சுங்கம் மதிப்பீட்டுக்கு எடுத்துவைக்கும், காப்பீடும் செல்லாது. உண்மை மதிப்பைப் போட்டு, "விற்பனைக்கு அல்ல, நன்கொடை" என்று கீழே எழுதுங்கள்.

திரும்பி வரும் கருவிகளையும் அங்கேயே தீரும் பொருட்களையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள். ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட், சாட்டிலைட் போன் போன்றவை தற்காலிக இறக்குமதியில் போக வேண்டும். தொடர்புக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்பு அனுமதி தனியாக வேண்டும். கலந்து அனுப்பினால் ஒரு போனுக்காக 40 டன் தார்ப்பாய் காத்திருக்கும்.

சரக்கை அடுக்கும் மரத் தட்டான பேலட்டும் சிக்கல் தரும். பல நாடுகள், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான முத்திரை உள்ள பேலட்டை மட்டுமே விடுகின்றன. கிடங்கில் கிடக்கும் பழைய பேலட்டுகளில் முத்திரை உண்டா என்று பார்த்து, இல்லாதவற்றை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

6. எடையையும் கன அளவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

விமானச் சரக்கில் 1 கன மீட்டர், கட்டணத்துக்குக் குறைந்தது 167 கிலோவாகக் கணக்காகும். அதனால் கனமான பொருளும் காற்றடைத்த பொருளும் வேறு வேறு விதமாக இடத்தைத் தின்னும்.

ஓர் எடுத்துக்காட்டு. 5,000 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு இரண்டு வீதம், 4 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள தார்ப்பாய் 10,000 வேண்டும். ஒன்று 4.8 கிலோ என்று வைத்தால் மொத்தம் 48 டன். ஐந்து ஐந்தாகக் கட்டினால் 2,000 கட்டுகள். ஒரு கட்டு 24 கிலோ. கட்டுக்கு 0.05 கன மீட்டர் என்றால் 100 கன மீட்டர். கன அளவுக் கணக்கில் 16.7 டன்தான் வரும். ஆகவே உண்மை எடையான 48 டன்தான் கணக்கு.

இதே குடும்பங்களுக்கு 20 லிட்டர் கெட்டி பிளாஸ்டிக் கேன் 10,000 அனுப்பினால்? கேன் ஒரு கிலோ என்றால் எடை 10 டன். உள்ளே வெறும் காற்று, ஆனாலும் இடம் 200 கன மீட்டருக்கு மேல். கட்டணக் கணக்கில் 33 டன்னைத் தாண்டிவிடும். மடக்கும் கேனாக இருந்தால் அந்த இடத்தின் பெரும்பகுதி மிச்சம். வாங்கும் பிரிவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விலை குறைவு என்று கெட்டி கேனை வாங்கி, மிச்சப்படுத்தியதைப் பல மடங்காக விமானக் கட்டணத்தில் இழப்பார்கள்.

தண்ணீரை விமானத்தில் அனுப்பாதீர்கள். நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் தரநிலைப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 10,000 பேருக்கு நாளுக்கு 150 டன். மறுநாள் மீண்டும் 150 டன். தெளிந்த நீரில் 20 லிட்டரைச் சுத்தம் செய்யும் 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை நாளுக்கு 7,500 இருந்தால் அதே அளவு நீரை அங்கேயே சுத்தம் செய்துகொள்ளலாம்; ஒரு சில பெட்டிகளில் முடிந்துவிடும். நீர் கலங்கலாக இருந்தால் மாத்திரை மட்டும் போதாது, முதலில் தெளியவைக்க வேண்டும். அந்தக் கருவியையும் பட்டியலில் சேருங்கள்.

7. பொதியை ஒரு மனிதர் தூக்கும் அளவில் கட்டுங்கள்

கடைசி இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இருக்காது. ஒரு பொதி 25 கிலோவைத் தாண்டக் கூடாது. உணவுக்குச் சிவப்பு, உடைக்கும் வீட்டுப் பொருளுக்கும் நீலம், மருத்துவப் பொருளுக்குப் பச்சை என்பது நிவாரணப் பணியில் வழக்கமான நிறக் குறி. எழுத்துப் படிக்கத் தெரியாத லோடுமேனும் சரியான அடுக்கில் வைக்க இது உதவும்.

ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள். சோப்பும் பிஸ்கட்டும் ஒரே பெட்டியில் போனால் பிஸ்கட் சோப்பு வாசனை அடிக்கும், யாரும் சாப்பிட மாட்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் வகைக் குளோரின், ஆபத்தான சரக்கில் 5.1 வகையிலும் லித்தியம் பேட்டரி 9-ஆம் வகையிலும் வரும். இவற்றை அறிவிக்காமல் ஏற்றினால் விமானி முழு லோடையும் மறுப்பார். ஜெனரேட்டரின் எரிபொருளை முழுவதும் வடித்துவிடுங்கள்.

8. ஒத்திகை பாருங்கள், அதுவும் விடுமுறை இரவில்

ஆண்டுக்கு இரண்டு முறையாவது, முன்னறிவிப்பு இல்லாமல் அழையுங்கள். தொடர்பாளர் போனை எடுக்கிறாரா, கிடங்குச் சாவி யாரிடம், எத்தனை மணி நேரத்தில் முதல் லாரி ஏற்றி முடிகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். தவறுகள் பெரும்பாலும் சிறியவையாகவே இருக்கும்: வேலையை விட்டுப் போனவரின் எண், சார்ஜ் இல்லாத ஃபோர்க்லிஃப்ட், காலாவதியான பாஸ்போர்ட். களத்துக்கு அனுப்பும் ஆட்களின் தடுப்பூசியையும் அப்போதே சரிபாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லும்.

9. முதல் 72 மணி நேரம்: அனுப்பும் முன் கேளுங்கள்

பேரிடர் நடந்துவிட்டது. செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் உங்கள் சொந்த ஆட்கள் நலமா என்று பாருங்கள். பிறகு உங்கள் வண்டி, கிடங்கு, பாதை ஆகியவற்றின் நிலையைத் திரட்டி ஒரே தாளில் ஒருங்கிணைப்பு அமைப்புக்கு அனுப்புங்கள். அதன்பின் எழுத்தில் வரும் கோரிக்கைக்குக் காத்திருங்கள். கோரிக்கையில் பொருள், அளவு, இறங்கும் இடம், பெறுபவர், தேவைப்படும் தேதி ஆகிய ஐந்தும் இருந்தால்தான் வண்டியை நகர்த்துங்கள்.

காத்திருப்பது கடினம், மனது அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தை எரிபொருள் நிரப்பவும், ஓட்டுநர்களைத் தூங்க வைக்கவும், பொதிகளை வாசலருகே நகர்த்தவும் பயன்படுத்துங்கள்.

10. இறங்கும் இடத்தில் சரக்கைத் தேங்க விடாதீர்கள்

விமானத் தரிப்பிடத்தில் சரக்கைப் பிரிக்கக் கூடாது. அங்கிருந்து உடனே தனியான பிரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காட்மண்டுவில் அப்படியொரு இடம் நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2015 மார்ச்சில் திறக்கப்பட்டிருந்ததால் முதல் நாளிலிருந்தே பயன்பட்டது. கட்டடம் இல்லாவிட்டால் 10 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளமுள்ள கூடாரக் கிடங்கு 240 சதுர மீட்டர் தரும். அதற்கு முன் தரையைச் சமப்படுத்தி, சுற்றிலும் நீர் வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்காலை நாளை வெட்டலாம் என்று தள்ளினால் முதல் மழையில் கீழ் அடுக்கு நனையும்.

உள்ளே, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஒரு மீட்டர் விடுங்கள். எண்ணவும் எலி வந்தால் பார்க்கவும் அந்த வழி வேண்டும். அடுக்குக்கு ஒரு ஸ்டாக் கார்டு (வரவு, செலவு, இருப்பு எழுதும் அட்டை) தொங்கட்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகட்டும். கேட்காமல் வந்த பொருளுக்குக் கடைசியில் தனி மூலை ஒதுக்குங்கள். அதைப் பிரிக்க நல்ல ஆட்களைப் போடாதீர்கள்.

11. சாலையில் ஏற்றும் கணக்கும், திரும்பி வரும் தாளும்

அந்த 48 டன் தார்ப்பாய்க்கே வருவோம். மலைச் சாலையில் 3 டன் வண்டிதான் போகும் என்றால் 16 லோடு. போக 4 மணி, வர 4 மணி, ஏற்ற இறக்க 3 மணி: மொத்தம் 11 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு டிரிப். ஒரே நாளில் முடிக்க 16 வண்டி. 8 வண்டி இருந்தால் இரண்டு நாள். விமானம் வரும் முன் இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். 747 வந்து இறங்கிய பிறகு வண்டி தேடுபவர்கள்தான் ஓடுதளத்தை அடைக்கிறார்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் வே பில் (வண்டியோடு போகும் சரக்குச் சீட்டு) குறைந்தது மூன்று பிரதி: அனுப்புபவர், பெறுபவர், கையெழுத்தோடு திரும்பி வருவது. பெறுபவர் எண்ணிப் பார்த்து, குறைவு, நனைவு, கிழிவு என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிரதியைக் கொடுத்தால்தான் ஓட்டுநருக்கு அடுத்த லோடு என்று வைத்தால் தாள்கள் தவறாமல் திரும்பும்.

ஓட்டுநருக்கு ஓய்வு நேரத்தைக் கண்டிப்பாக எழுதித் தாருங்கள். ஆர்வத்தில் தொடர்ந்து ஓட்டுவார்கள். இடிந்த மலைச் சாலையில் ஒரு வண்டி கவிழ்ந்தால் பின்னால் வரும் எல்லா லோடும் நிற்கும்.

12. விலகும் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

உள்ளூர் வண்டிக்காரர்கள் தொழிலுக்குத் திரும்பியதும் உங்கள் இலவச வண்டி அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும். அந்த நாளைக் கவனித்து, வேலையை அவர்களிடம் படிப்படியாக மாற்றுங்கள். கிடங்கை ஒப்படைக்கும்போது கார்டில் உள்ள இருப்பையும் கையால் எண்ணிய இருப்பையும் இரு தரப்பும் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தற்காலிக இறக்குமதியில் போன கருவிகளுக்குத் திருப்பி எடுக்கும் காலக்கெடு உண்டு. அந்தத் தேதியைக் கருவி போன நாளிலேயே நாட்காட்டியில் குறியுங்கள். ஜெனரேட்டரை அங்கேயே விட்டுவிடலாம் என்று முடிவானால், காலக்கெடுவுக்கு முன் அதை நன்கொடையாக மாற்றும் கடிதத்தைச் சுங்கத்தில் கொடுத்து, முத்திரையிட்ட பிரதியைக் கோப்பில் வையுங்கள். மாற்றாமல் விட்டால் அபராதம் கன்சைனியின் பெயரில் விழும், அடுத்த முறை சம்மதக் கடிதம் கேட்கும்போது அவர் தயங்குவார்.